டக்கெட்டுக்கு ஒரு தொண்டன்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷர் மாநிலத்தில் ஒரு சிற்றூர். அங்கே சட்டசபைக்கு நிற்க இந்த முறையும் யாருமே மனு போடவில்லை. வாக்குச்சீட்டில் பேர் இருக்கவேண்டிய இடம் காலி. வாக்காளர் தனக்குப் பிடித்த பேரைக் கையால் எழுதிக்கொள்ளலாம்.

'டக்கெட் பேரை எழுதுங்கள்' என்ற அட்டையோடு, காலையிலிருந்து வாக்குச்சாவடி வாசலில் பனியில் விறைத்து நின்றான் ஹார்லன். டக்கெட்டோ, தெருவிளக்கைப் பற்றிக் கேட்டால் தேசவிடுதலையில் தொடங்கும் மனிதர்.

"அந்த வாய்ச்சவடாலுக்கா ஓட்டு கேக்கிறே? பேசாம உன் பேரையே எழுதறேன்டா" என்று கண்ணடித்தான், மரம் வெட்டும் ஆர்லோ.

"உன் கால்ல வேணும்னாலும் விழறேன். டக்கெட்னு எழுதுடா!"

மாலையில் முடிவை வாசித்தார்கள். டக்கெட் ஜெயித்துவிட்டார். ஹார்லனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவி இடாவை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

டக்கெட் நாற்காலிமேல் ஏறினார். "பெருமக்களே! இத்தனை நாள் நம் சட்டசபை உறுப்பினராக இருந்த ஹார்லனே எனக்காகப் பனியில் நின்றார். என்ன தியாகம்!"

"தியாகமாம்!" என்று இடா களுக்கென்று சிரித்தாள்.

"போன தடவை ஆர்லோ கூட்டம் வெளையாட்டா என் பேரை எழுதி ஜெயிக்க வச்சிடுச்சு. ரெண்டு வருஷம் சட்டசபையில உக்காந்து இவரை மாதிரி ஆளுங்க பேசினதையெல்லாம் கேட்டேன்" என்று ஹார்லன் அவள் காதில் சொன்னான். "இனி இவரு போய் உக்காந்து கேக்கட்டும்!"