பக்கத்து சீட்டில் சிநேகா

பக்கத்து சீட்டில் சிநேகா உட்கார்ந்திருந்தாள். செத்துப்போய் நாற்பது நாளாகியும், ரூத் தனியாக விமானம் ஓட்டும்போதெல்லாம் வந்துவிடுகிறாள்.

மாமல்லபுரத்தைத் தாண்டுவதாக ரேடியோவில் சொல்லி முடித்திருந்தாள் ரூத். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்ததில் விரல்கள் மரத்துப்போயின. இன்னும் பத்து நிமிடத்தில் செய்யூர்ப் பக்கம் பயிற்சித் தளத்தில் இறங்க வேண்டும். நாளைக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

"ஏண்டி இப்டி பாத்துகினு கீற? நான் வேணும்னேவா பண்ணேன்?" என்று ரூத் கேட்டாள்.

சேர்ந்த புதிதில் இருவருக்கும் ரேடியோப் பேச்சுதான் பாடம். ஸ்டியரிங் பட்டனை அழுத்திப் பேசு, பேசியதும் விடு; விடாத வரை உன் குரல்தான் எல்லாருக்கும் கேட்கும், வேறு யார் பேச்சும் உனக்குக் கேட்காது. புரிந்தால் 'ரோஜர்' சொல், சொன்னதைத் திருப்பிச் சொல், உன் விமானத்தின் பெயரோடு சொல். செல்லப் பேச்சு, சிரிப்பு கூடாது, எல்லார் குரலும் ஒன்றுபோல வர வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் சிநேகாவின் அப்பா திருநாவுக்கரசு. தளத்து ரேடியோவில் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.

"அன்னிக்கு ரன்வேல மாடு நின்னுச்சு. 'எறங்காத, மேல போ'ன்னு உங்கப்பா உனக்குத்தான் சொன்னாரு. நம்ம ரெண்டு பிளேன் பேரும் ஒரே மாரிதான கீது? எனக்குன்னு நெனச்சுகினு, பேரு கூட சொல்லாம 'ரோஜர்'னுட்டேன். நான் கம்முனு இருந்திருந்தா, பதில் வரலியேன்னு அவரு இன்னொரு வாட்டி சொல்லியிருப்பாருடி!"

ரூத் விம்மி விம்மி அழுதாள்.

காதில் விழுந்தும் கேட்காமல் சிநேகா இறங்கி மாட்டில் மோதினாள் என்றுதான் விசாரணையில் எழுதினார்கள். அந்த ஒரு 'ரோஜர்'தான் மகள் கடைசியாகப் பேசியது என்று திருநாவுக்கரசு சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும் என்று ரூத் வாயே திறக்கவில்லை.

"உங்கிட்ட மட்டுந்தாண்டி சொல்றேன்."

எப்போதும் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் ரேடியோ இன்று மூச்சு விடவில்லை. ரூத்துக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

கண்ணைத் துடைக்க ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். சட்டென்று ரேடியோ கரகரத்தது. அதில் இங்கிலீஷ் தவிர வேறெதுவும் பேசாத திருநாவுக்கரசு, முதல் தடவையாகத் தமிழில் பேசினார்.

"அப்ப அது எம்பொண்ணு கொரலு இல்லியாம்மா?"