வாரண்டி முடிகிற நாள்

கொலையை முடித்த கையோடு வாரண்டியார் சட்டையை மாற்றிக்கொண்டார். பழைய சட்டையைச் சுருட்டிக் குப்பைப் பையின் அடியில் திணித்தார். அதில் வழிந்திருந்தது ரத்தம் அல்ல, கியர்பாக்ஸ் எண்ணெய்.

அதை வடிப்பது எப்படி என்று செல்போனில் வீடியோ பார்த்துவிட்டுத்தான் காருக்கடியில் புகுந்தார். வீடியோவில் எண்ணெய் முழுவதும் தட்டில் விழுந்தது. இவருக்குப் பாதிதான் தட்டில் விழுந்தது. மீதிக்கு இவரே தட்டு. பிறகு எண்ணெய் இல்லாமலே காரை நாலு சுற்று ஓட்டி, கியர்பாக்ஸ் கரகரவென்று கதறி அடங்கியதும், யாருக்கும் சந்தேகம் வராதபடி புது எண்ணெய் ஊற்றி மூடினார். ஸ்டேப்ளரில் பின் போடக்கூடப் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிடுகிற மனிதருக்கு இது பெரிய சாதனைதான்.

அவருக்கு வாரண்டியார் பட்டம் வந்ததே இந்தக் காரால்தான். மூன்று வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். "பழைய வண்டி சார், எப்ப என்ன பண்ணும்னு சொல்ல முடியாது" என்று விற்றவர் சொன்னதும், அங்கேயே அப்போதே மூன்று வருட எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து எந்தப் பள்ளத்துக்கும் அவர் பிரேக் போட்டதில்லை. லிஃப்டில் மாட்டுகிறவர்களிடமெல்லாம் வாரண்டியின் அருமை பெருமைகளை விளக்கினார். குடியிருப்பே சேர்ந்து 'வாரண்டியார்' என்று பெயர் வைத்தது. மனைவி மட்டும், அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

ஆனால் பாழாய்ப்போன கார் மூன்று வருடமும் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. டயர் தேய்ந்தது, பிரேக் தேய்ந்தது, வைப்பர் கிழிந்தது. தேய்கிற எதற்கும் வாரண்டி கிடையாதாம். காரில் தேயாதது எது என்று யோசித்து யோசித்து இவர்தான் தேய்ந்தார்.

நாளையோடு வாரண்டி முடிகிறது.

"என்ன வாரண்டியாரே, கட்டின பணம் கோவிந்தாதானா?" என்று மாடி வீட்டு வக்கீல் நேற்று எல்லார் முன்னாலும் கேட்டார். சிரிக்காதவர் ஒருவர்கூட இல்லை. அந்தச் சிரிப்புதான் இவரைக் காருக்கடியில் தள்ளியது.

"கிளம்பு, உன் கையெழுத்து வேணும்" என்றார் மனைவியிடம். மிக்ஸியிலிருந்து மனை வரை இவர் பெயரில் வாங்கிய எதுவும் உருப்பட்டதில்லை என்பதால், காரும் வாரண்டியும் அவள் பெயரில்தான்.

கியர்களில் ரிவர்ஸ் மட்டும் சாகாமல் கிடந்தது. காரும் வாரண்டியும் வாங்கிய பணிமனை அடுத்த தெருதான். வாரண்டியார் கழுத்தை முறுக்கிக்கொண்டு காரைப் பின்பக்கமாகவே ஓட்டினார். பள்ளிக்கூட வேன் ஒன்று நின்று வழிவிட்டது. உள்ளே இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"என்னங்க இந்தக் கூத்து? நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?"

அவர் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார், பாராட்டு வரும் என்று. அவள் முகம் வெளுத்துப்போனது.

"ஐயையோ! யாரைக் கேட்டுக்கிட்டு இதைச் செஞ்சீங்க?"

"பயப்படாதே. புது கியர்பாக்ஸ் ஓசியில வரப்போவுது. நம்ம காரையே வித்தாலும் அதுல பாதிகூட வாங்க முடியாது, தெரியுமா?"

"வேணாங்க, வீட்டுக்கே போயிடலாம்."

"முன்னாடி போக வழியில்லையே!"

பணிமனையில் மெக்கானிக் காருக்கடியில் போய்விட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்தார். "கியர்பாக்ஸ் அவுட்டு சார். வாரண்டி ஏதாவது இருக்கா?"

மூன்று வருடமாகக் காத்திருந்த கேள்வி. வாரண்டியார் நெஞ்சை நிமிர்த்தினார். "இருக்காவா? மேனேஜரைக் கூப்பிடுங்க!"

மனைவி அவரைச் சட்டையோடு பிடித்து, அடுக்கி வைத்திருந்த டயர்களுக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"பொய் சொல்லி வாங்கறது நமக்கு வேணாங்க. நாமளே செலவு பண்ணிச் சரி பண்ணிக்கலாம். என் வளையல் இருக்குல்ல?"

"அடியே, வளையலையா?"

"போனாப் போகட்டும். உங்களை நாலு பேர் திருடன்னு சொல்லக் கூடாது. அவ்வளவுதான்." அவள் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

இப்படிப்பட்ட ஒரு நேர்மையான மனுஷியோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும், தனக்கு எண்ணெய் ஒட்டிய அளவுக்கு நேர்மை ஒட்டவில்லையே என்று வாரண்டியார் தன்னையே நொந்துகொண்டார். வக்கீல் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இவள் அழக் கூடாது.

மேனேஜர் வந்தார். அவள் சட்டென்று டயர்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், கணவனுக்காக அவள் கூனிக் குறுகுகிறாள்.

"சார், இந்தக் கியர்பாக்ஸ் தானாப் போகலை. நான்தான் கெடுத்தேன்" என்றார் வாரண்டியார். "வாரண்டியில வாங்கிடலாம்னு ஒரு சபலம். இவ அழுததுல புத்தி வந்துடுச்சு. எனக்கு வாரண்டியே வேணாம் சார், முழுச் செலவும் என்னோடது."

மனைவியின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, போலாம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் நெகிழ்ந்துபோனார். இப்படியும் ஒரு பெண்மணியா என்று தலையைச் சாய்த்து அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, மேடம் நீங்களா! வாரண்டி எடுத்த அதே வாரம் வந்து, 'வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு அதை கேன்சல் பண்ணி முழுப் பணத்தையும் என்கிட்டதானே வாங்கிட்டுப் போனீங்க?"