கோலிக் குட்டியின் புது வீடு

வீட்டைப் பார்க்காமல் குணசீலி யாருக்கும் குட்டி கொடுத்ததில்லை. தன் வீட்டுச் சடைமுடிக் கோலி இன நாய் ஈன்றதில் கடைசிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு, அதைக் கேட்டிருந்த தனபாலனின் மொட்டைமாடிக்கு வந்திருந்தாள். தகரக் கூரை போட்ட புது இரும்புக் கூண்டை அவர் பெருமையாகக் காட்டினார்.

"பகல் பூரா இதுக்குள்ளதான் கெடக்கும்."

"இம்புட்டு முடிய வச்சுக்கிட்டு, இந்த வெயில்லயா?"

"நாய்தானம்மா. பழகிரும்."

குணசீலி குட்டியைப் படிக்கட்டு நிழலில் இறக்கிவிட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து கூண்டுக்குள் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கம்பிக் கதவை உள்ளிருந்தே சாத்தினாள்.

"தாழ்ப்பாளப் போடுங்க சார். சாயங்காலம் வரைக்கும் பழகிப் பாக்குறேன்."

சிரித்துக்கொண்டே தாழ்ப்பாளைத் தொட்ட தனபாலன், சூடு தாங்காமல் கையை உதறினார்.

"போடுங்க சார்," என்றாள் மறுபடியும். எழுந்து வருவதாக இல்லை.