சிவப்பு மையில் அடித்த பெயர்

“அவன் எங்க ரத்தமே இல்லம்மா! அதுக்கு ஒரு காகிதம் குடுங்கன்னா, நாலு நாளா அலைய விடுறீங்களே!”

அச்சகக்காரர் போட்ட சத்தத்தில் பதிவு அலுவலக வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். மனிதருக்கு வந்திருந்த கோபம் லேசுப்பட்டதில்லை.

கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் அம்மா அசரவில்லை. “சார், வம்சாவளி தேடி வர்றவங்க தங்ககிட்டருந்துதான் ஆரம்பிக்கணும். படிவத்துல முதல் வரி உங்க பிறப்பு. அதை மட்டும் தினமும் காலியா விட்டுட்டு வர்றீங்க.”

“நான் பொறந்ததுக்கு நான் இங்க நிக்கறதே போதாதா? பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டை வச்சே அம்பத்திரண்டு வருஷம் ஓட்டியாச்சு. நான் கேக்கறது என் தம்பியைப் பத்தி!”

பையிலிருந்து ப்ரூஃப் தாளை எடுத்துச் சன்னலில் அறைந்தார். மூன்று வருடமாக மாமா, அத்தை, பங்காளி என்று ஒருவர் விடாமல் நச்சரித்துச் சேர்த்த குடும்ப வரலாறு. நாளைக்கு மெஷினில் ஏற வேண்டியது. அதில் தம்பியின் பெயரும் அவன் பிள்ளைகளின் பெயர்களும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன.

அடிக்காமல் என்ன செய்வார்? “இந்தப் புத்தகம் வேண்டாம்ணே, விட்டுடு” என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சொன்னவன் அந்தத் தம்பி. ஏன்டா என்றால் வாயைத் திறக்கவில்லை. பொறாமை, வேறென்ன! அந்த எரிச்சலில், செத்துப்போன அப்பாவின் பெட்டியைக் குடைந்தபோதுதான் அந்த ரசீது கையில் சிக்கியது. தத்துப் பத்திரம் பதிவுசெய்த ரசீது.

“தேதியைப் பாருங்க, மார்ச் மாசம். அவன் பொறந்த அதே வருஷம். அப்ப எனக்கு ரெண்டு வயசு, எனக்கென்ன தெரியும்? அப்பாவும் அம்மாவும் கடைசி வரைக்கும் மூச்சு விடலையே!”

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. தம்பிதான், காலையிலிருந்து ஆறாவது தடவை. கட் செய்தார்.

எழுத்தர் அம்மா படிவத்தைத் திருப்பித் தள்ளினார். வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முதல் வரியில் தன் பெயரையும் தேதியையும் கிறுக்கினார் அச்சகக்காரர். அடுத்த வரியில் தம்பியின் பெயர், பிறந்த தேதி டிசம்பர் ஒன்பது.

எழுத்தர் அம்மா படிவத்தை ஒரு தடவை, ரசீதை ஒரு தடவை பார்த்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

“இன்னியோட அவன் உறவு முடிஞ்சுது” என்று பக்கத்தில் நின்றவரிடம், கேட்காமலே சொன்னார் அச்சகக்காரர். “ஊருக்கே போட்டு உடைக்கப்போறேன். என்னையா அவமானப்படுத்தறான்?”

அரை மணி நேரம் கழித்து இரண்டு நகல்களோடு வந்த எழுத்தர் அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

“உங்க தம்பி உங்க அம்மா வயித்துல பொறந்தவர்தான் சார், பதிவு இருக்கு. உங்களுக்குத்தான் இல்ல. அந்தப் பத்திரத்துல தத்தெடுத்தது ரெண்டு வயசுப் பையனை.”

அச்சகக்காரர் நகலைப் பிடுங்கிப் பார்த்தார். தத்துப்பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயர் இருந்தது.

“பொய்! எந்த முட்டாளோ தப்பா எழுதியிருக்கான்!” கத்தினாரே தவிர, குரல் பாதியிலேயே உடைந்துபோனது.

அச்சகத்தில் விசாரித்துக்கொண்டு ஓடிவந்த தம்பி, மூச்சிரைக்க அண்ணனின் தோளைப் பிடித்தான்.

“இதுக்குத்தாண்ணே புத்தகமே வேண்டாம்னேன்.”