ஏரிக்கரையில் அடங்காத பாப்பா

"காச்சலும் இல்ல, சளியும் இல்ல. அப்பறம் எதுக்குத்தான் இந்தக் கத்துக் கத்தறா?"

அருள்குமார் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தான். நடந்தான் என்ன, ஓடினான். எட்டு மாதக் குழந்தை முதுகை வளைத்து வளைத்து வீறிட்டது.

படுக்கை, அடுப்பு, குட்டி ஜன்னல் எல்லாம் வைத்த கேம்பர் வேன். கல்யாணமானதிலிருந்து கவிப்பிரியா வாய்விட்டுக் கேட்டது இந்த ஒரு கொடைக்கானல் பயணத்தைத்தான். மலையேறும்வரை சமர்த்தாகத் தூங்கிக்கொண்டு வந்த பாப்பா, நேற்றுச் சாயங்காலம் ஏரியோரம் வண்டியை நிறுத்தியதிலிருந்து கண்ணை மூடவில்லை. ஏரியாவது, மலையாவது! பெற்றவர்கள் எதையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வயிற்றுவலி மருந்து கொடுத்தாயிற்று. எறும்பு கடித்திருக்குமோ என்று ஸ்வெட்டரைக் கழற்றி உதறியாயிற்று. மிளகாய் சுற்றி வேன் அடுப்பில் போட்டதில் நெடியேறி மூன்று பேரும் இருமியதுதான் மிச்சம். நெடி வந்துவிட்டதே, அப்படியானால் கண்ணேறும் இல்லை.

நடக்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள். கவிப்பிரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"குளுரு ஒத்துக்கலீங்க. கெளம்பிரலாம். பழனியில ஆஸ்பத்திரியில காட்டிட்டு ஊட்டுக்குப் போயிரலாம்."

"இத்தன ஆசப்பட்டுட்டு வந்தயே கவி..."

"எனக்குப் புள்ளதானுங்க முக்கியம்! வண்டிய எடுங்க!"

அந்த நேரம் பார்த்து சாமளாபுரத்திலிருந்து போன். அவள் மாமனார் வேலுமணி. அவர்கள் எல்லோரும் இருக்கும் வீட்டை ஒட்டினாற்போல் தறிக்கூடம், இரவு பகலாகத் தறி ஓடும். அதற்கு மேலே கத்திக் கத்தியே அவருக்கு மெதுவாகப் பேசுவது மறந்துபோய்விட்டது. அருள் ஸ்பீக்கரில் போட்டான்.

"கைப்புள்ளயத் தூக்கிட்டு மலைக்குப் போவாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?"

பொசுக்கென்று அழுகை நின்றது. பாப்பா போனையே பார்த்தது. கண் லேசாகச் சொக்கியது.

"அப்பா, பாப்பா அழுகைய நிறுத்திட்டாளுங்க!"

"நிறுத்த மாட்டாளா பின்ன! அப்பாரு கொரலுன்னாச் சும்மாவா?" தாத்தா வேலுமணிக்குப் பெருமை பிடிபடவில்லை. "பெத்தவங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியுது பாரு. இருங்க, இங்க ஒரே எரைச்சலா இருக்குது. ரோட்டுக்கு வந்து தெளிவாப் பேசறேன்."

கவிப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. சுமந்து பெற்றவள் மடியில் அடங்காத பிள்ளை மாமனார் குரலுக்கு அடங்குகிறதே! இனி ஊரெல்லாம் இதைச் சொல்லிக் காட்டியே அவளை ஒரு வழி பண்ணிவிடுவார்.

ரோட்டுக்குப் போன வேலுமணி தொண்டையைச் செருமிக்கொண்டு கொஞ்ச ஆரம்பித்தார். "அம்முணி... என்ற தங்கம்... அப்பாரு பேசறேன் சாமி..." பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது.

பாப்பா உதட்டைப் பிதுக்கியது. அப்புறம் போட்டதே ஒரு கூப்பாடு, முன்னைவிட இரண்டு மடங்கு!

"அப்பா, உட்டுராதீங்க, பேசுங்க!" என்று அருள் கெஞ்சினான். பாவம், மனுஷர் நடுரோட்டில் நின்று தாலாட்டே பாடிப் பார்த்தார். ம்ஹூம்.

கவிப்பிரியா காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். காற்றில்லை, வண்டி வாகனம் இல்லை, ஏரித் தண்ணீர்கூடச் சலனமில்லாமல் கிடந்தது. சட்டென்று புருஷன் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"மாமா, நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க. போனக் கொண்டுபோயித் தறிகிட்ட வெச்சுட்டு, நீங்க வெளிய வந்துருங்க!"