உப்புப் போடாத பருப்பு

மனைவி ராஜேஸ்வரி இறந்த பிறகு கேதீஸ்வரன் சுவிஸ் நகரமான ஆராவில் இருந்த தன் வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு வந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஜன்னலுக்கு வெளியே மூடுபனிதான். அவர் எப்போதும் பருப்புக்கு உப்புப் போட மறந்துவிடுவார். சாப்பிட உட்காரும்போதுதான் நினைவு வரும். ஆனால் வாயில் வைத்தால் உப்புச் சரியாக இருக்கும். ஞாபகமில்லாமல் போட்டிருப்பேன் என்று நினைத்துக்கொள்வார்.

டிசம்பரில் நத்தார் பண்டிகை விடுமுறை நெருங்கியபோது ஜெனீவாவிலிருந்து மகள் தர்சினி போன் எடுத்தாள்.

“அப்பா, அங்க தனிய இருந்து என்ன செய்யப் போறீங்கள்? இஞ்ச வாங்கோ. ரயில் ரிக்கெற் போடட்டோ?”

“ஓம் பிள்ளை, போடு. வாறன்.”

பேசி முடித்ததும் மனம் லேசாக இருந்தது. பருப்பை அடுப்பில் வைத்து, அன்றைக்கு மறக்காமல் உப்பும் போட்டார்.

இறக்கி ஒரு வாய் வைத்தார். விழுங்க முடியாதபடி கரித்தது. அவர் போட்டதைப் போல இரண்டு மடங்கு உப்பு.

சட்டியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு மகளை அழைத்தார்.

“ரிக்கெற் போட்டிட்டியோ?”

“இன்னும் இல்லை. ஏனப்பா?”

“வேண்டாம் பிள்ளை. வீட்டைப் பூட்டிப்போட்டு வர மனமில்லை.”

பருப்பைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தார். இந்த முறை உப்புப் போத்தலைத் தொடவில்லை. சமையலறைக்கு முதுகைக் காட்டி, மூடுபனியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

பின்னால் சட்டியின் மூடி மெல்லத் திறக்கும் சத்தம் கேட்டது.

“இஞ்சரும், உப்புக் காணுமோ, இன்னும் வேணுமோ?” என்று, மனைவியைக் கூப்பிடும் அதே குரலில், திரும்பாமலே கேட்டார்.