அப்பாவுக்குப் பாடம்

“குழாய் குறுகுற இடத்துல தண்ணியோட வேகம் என்ன ஆகும்?” மகள் கேட்டாள்.

“கூடும்,” என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்தபடி.

“அழுத்தம்?”

“நெருக்கினா அதுவும் கூடத்தானே செய்யும்?”

“அப்பா! மண்டையில என்ன களிமண்ணா? குறையும்.”

“ஏன் குறையும்? சும்மா சொன்னா நம்ப மாட்டேன்.”

மகள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “வேகமா ஓடத் தெம்பு வேணும்ல? அதை அழுத்தத்துலேருந்துதான் எடுத்துக்குது,” என்றாள்.

“இப்படிச் சொன்னா ஏறுது.”

அம்மா எட்டிப் பார்த்தாள். “என்ஜினியரிங் நுழைவுத் தேர்வுல ரெண்டு தடவையும் பிசிக்ஸ் பேப்பர்ல, இந்த ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடத்துலதான் கோட்டை விட்டாச்சு. இதுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் போச்சுன்னா, காலம் பூரா கடையில பட்டன் தைக்க வேண்டியதுதான்.”

“வாயை வைக்காதேடி,” என்றார் தையல்காரர்.

தேர்வு நாளன்று அப்பாவும் மகளும் ஒன்றாகத்தான் வந்தார்கள். வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். “எழுதுறவங்க மட்டும் உள்ள போங்க.”

தையல்காரர் ஒதுங்கி நின்றார். மகள் உள்ளே போனாள்.

இரண்டு முறையும் தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்து தோற்றவள் அவள்தான். இம்முறை அப்பாவுக்குப் புரிய வைக்காமல் ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை.

தேர்வு முடிந்து ஓடிவந்தாள். “நீங்க என்னைக் கேட்காத கேள்வி ஒண்ணுகூட வரலைப்பா!”

முடிவு வந்தது. அந்தத் தாளில் முழு மதிப்பெண். கல்லூரியில் இடமும் உறுதி.

தையல்காரர் மனைவியைப் பார்த்துச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “அந்த வாட்ச்மேன் மட்டும் என்னை உள்ள விட்டிருந்தா, வீட்டுல ரெண்டு பேரு பாஸ்!”